ஏசியில வேலை

ஏசிப் பெட்டியின் முன்மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கிற வாடையை வைத்தே அந்த வீட்டைப் பற்றிப் பாதி சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த மூக்கை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டைச் சொல்கிறேன். லொட்ஜ் அறை என்றால் சிகரெட்டும் ஈரத் துவாயும். சலூன் என்றால் பவுடரும் கத்தரித்த மயிரும். டியூஷன் வகுப்பு என்றால் வியர்வை. இதெல்லாம் பொது இடம், நாலு பேர் வந்து போகிற இடம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வீடுகள்தான் மோசம். விடியற்காலையில் வாசல் தெளித்து, தரையை நாளுக்கு இரண்டு தடவை துடைத்து, உள்ளே வருகிறவனின் காலைத்தான் முதலில் பார்க்கிற வீடுகளில், கட்டிலுக்கு மேலே தொங்குகிற அந்த வெள்ளைப் பெட்டிக்குள் மூன்று வருட அழுக்கு வழுவழுவென்று படிந்து கிடக்கும். பல்லி செத்து எலும்பாகி ஒட்டியிருக்கும். அதற்குக் கீழேதான் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகளான லயத்தில் பிறந்தவனுக்கு இது பெரிய வம்பு. லயத்துக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலில் ஒட்டியிருக்கிற அட்டைகளை உப்புப் போட்டு எடுப்பார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். மழையில் சாக்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற பிழைப்பு வேண்டவே வேண்டாம், கை சுத்தமாக இருக்கிற வேலை வேண்டும். இதுதான் என் இலட்சியமாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் பதுளை டவுனில் ஏசி, பிரிட்ஜ் திருத்துகிற பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஏசி என்றால் கண்ணாடிக் கதவு போட்ட, குளிர்ந்த, மணக்கிற அறை என்பது என் நினைப்பு. அந்த அறை மணக்க வேண்டும் என்றால் யாரோ ஒருவன் அந்தப் பெட்டியின் குடலைக் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கும் தோன்றவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "எம்மகன் டவுன்ல ஏசியில வேலை பாக்குறான்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் 'ஏசியில வேலை' என்றால் ஒரே அர்த்தம்தான். வங்கி மாதிரி ஓர் இடத்தில், குளிர் அறையில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. நானோ ஏசிக்குள் கையை விட்டு வேலை செய்கிறவன். அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு வேற்றுமை உருபு எனக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். நானும் திருத்தவில்லை. திருவிழாவுக்குப் போயிருந்தபோது பெரியப்பா ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, ஏசியில் இருக்கிறதால் கை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சவர்க்காரம் போட்டு அரை மணி நேரம் தேய்த்த கை அது.

பயிற்சி முடிந்து டவுனில் ஒரு பாஸிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் கொத்து வேலையோ மர வேலையோ வயர் வேலையோ, தொழில் தெரிந்தவர்கள் எல்லோருமே பாஸ்தான். இவர் ஏசி பாஸ். அவருடைய தொழில் முழுவதும் ஒரே சொல்லில் ஓடியது. காஸ். குளிரவில்லையா, காஸ் இல்லை. தண்ணீர் சொட்டுகிறதா, காஸ் குறைந்துவிட்டது. வாடை வருகிறதா, காஸ் பழசாகிவிட்டது. இதை நம்புவதற்கு டவுன் முழுவதும் தயாராக இருந்தது. குசினியில் இருக்கிற சிலிண்டரிலும் காஸ், இதிலும் காஸ். அது தீர்கிறது, ஆகவே இதுவும் தீரத்தானே வேண்டும். சில வீடுகளில் எங்களைக் கூப்பிட்டே, வருடம் ஒன்றாகிவிட்டது, காஸ் முடிந்திருக்கும், வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். வலிய வந்து ஏமாறுகிறவர்களை என்ன செய்வது.

உண்மையில் அது தீராது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால், சுவரில் பூட்டிய அன்றைக்கு உள்ளே இருந்த காஸ் மெஷின் சாகிற வரைக்கும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் உள்பெட்டியில் அழுக்கு அடைத்துக் காற்றுப் போகாமல் இருந்தாலும் காஸின் அழுத்தம் காட்டுகிற மானியின் முள் கீழே இறங்கிவிடும். விஷயம் தெரியாதவனுக்கு அது காஸ் குறைந்த மாதிரியே தெரியும். தெரிந்தவனுக்கு அதுதான் வசதி. பாஸ் மானியை மாட்டி முள்ளை வீட்டுக்காரரிடம் காட்டுவார். அவரும் என்னவோ புரிந்த மாதிரி தலையை ஆட்டுவார். பிறகு புஸ்ஸென்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் காசு கொடுத்த திருப்தி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், கை நனையாது. கழுவுவது என்றால் அரை நாள் போய்விடும். பொலித்தீன் பை கட்டி, தண்ணீர் அடித்து, வழிகிற சாக்கடையை வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்த பிறகு, கழுவுறதுக்குப் போய் இவ்வளவா என்று கேட்பார்கள்.

எல்லாப் பழியையும் பாஸ் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கும் ஆசைதான். முடியாது. காஸ் பொய்யை நான் விரும்பித்தான் சொன்னேன். அந்தக் கறுப்பு வழுவழுப்பில் கை வைக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. அட்டையைப் பார்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பிய அதே பிள்ளைதான் நான். வளர்ந்த பிறகு திரும்புவதற்குச் சம்பளமும் கிடைத்தது.

ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பதினாறில் வைத்துவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். கரண்ட் பில் வந்ததும் மெஷின் சரியில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். வெளியே வைத்திருக்கிற பெட்டி மழையில் நனையக் கூடாதென்று பொலித்தீன் சுற்றி, கயிறும் கட்டி, மூச்சு முட்ட வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மூடத்தனம் ஒன்று உண்டு. வெளிப்பெட்டி வெளியிலிருந்து நல்ல காற்றை இழுத்துக் குளிராக்கி உள்ளே அனுப்புகிறது என்று நினைக்காத ஒரு வீட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அது ஒரு மூச்சுக் காற்றைக்கூட உள்ளே அனுப்புவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றேதான் திரும்பத் திரும்ப அந்த அழுக்குப் பெட்டிக்குள் போய் வருகிறது. வெளிப்பெட்டி சூட்டை மட்டும் வாங்கி வெளியே கொட்டுகிறது.

அந்த மெஷினுக்குக் குளிரை உண்டாக்கவும் தெரியாது, சூட்டை உண்டாக்கவும் தெரியாது. ஓரிடத்துச் சூட்டை இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போடத்தான் தெரியும். மேலே குளிர்ப் பக்கத்தில் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே அதே மாதிரி மெஷினை மறுபக்கமாக ஓடவிட்டு, வெளிக் குளிரில் மிச்சமிருக்கிற சூட்டைப் பிழிந்து வெள்ளைக்காரர்களின் அறைக்குள் விடுகிறார்கள். வெளியே பெட்டி குளிர்காற்றைத் துப்பிக்கொண்டிருக்கிற இடத்தில் காவல்காரர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதுளைப் பசாரில் இதற்கு நேர் எதிர். உள்ளே முதலாளி குளிர்ந்து கிடப்பார். பின்சந்தில் மூட்டை தூக்குகிறவர் முகத்தில் அனல் அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு வேண்டாதது எதுவோ, அது வெளியே நிற்பவருக்கு. இந்தத் தொழிலில் நான் கற்ற விஞ்ஞானம் இவ்வளவுதான்.

அந்தச் சந்தில்தான் அந்த வீடு. கீழே புடவைக் கடை, மேலே வீடு. மூன்று தலைமுறைக்கு முன்னால் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். முன்பக்கப் படிக்கட்டு சொந்தக்காரர்களுக்கு. என்னைப் போன்றவர்களுக்குப் பின்படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் நடுவில்தான் வெளிப்பெட்டியைப் பூட்டியிருந்தார்கள். ஏறுகிறபோதே அனல் முகத்தில் அடித்து வரவேற்கும்.

முதல் தடவை போனபோது வீட்டுக்கார அம்மா என் காலைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார், கடைசியில் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "தோட்டமா?"

"ஆமாங்க" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் நிற்க வேண்டிய இடத்தில் பழைய பேப்பர் விரித்தார். அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் கேட்டதற்குக் குளியலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டம்ளரில் தந்தார். வேலை முடிந்து நான் படி இறங்குவதற்குள், விளக்குமாற்றின் நுனியால் அந்தப் பேப்பரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையால் தொடவில்லை. முகத்தை எப்படிச் சுளித்தார் என்றால், அட்டையைப் பார்த்தபோது நான் சுளித்த மாதிரி. உன் தலைக்கு மேலே தொங்குவதைத் திறந்து காட்டினால் தெரியும் யார் அழுக்கென்று, என மனதுக்குள் கறுவிக்கொண்டே போனேன். திறந்து காட்டவில்லை. அந்தத் தடவையும் காஸ்தான் போட்டேன். அடுத்த வருடமும் போட்டேன்.

மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்தது. மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கணவர் வெளிநாட்டில். கொழும்பில் ஏசி வீட்டில் இருந்து பழகியவள். அது மாசி, பங்குனி வெக்கை. சுற்றி மலை இருந்தாலும் பதுளை டவுன் குழிக்குள் கிடக்கிற ஊர், கொங்கிரீட் கூரைக்குக் கீழே மதியத்தில் இருக்க முடியாது. ஆகவே ஏசி இரவு பகலாக ஓடியது. பச்சைக் குழந்தைக்கு வெளிக்காற்றுப் பட்டுவிடும் என்று ஜன்னலை மூடி, இடுக்குகளில் துணியும் செருகியிருந்தார்கள். காலையும் மாலையும் குழந்தையைக் குளிப்பாட்டி, அந்த அறைக்குள்ளேயே தூபக்காலில் தணலைக் கொண்டுவந்து வைத்து, சாம்பிராணி போட்டுக் குழந்தைக்கும் தாய்க்கும் தலை காயவைப்பார்கள். ஏசியை நிறுத்துவதில்லை. ஏசி ஓடினால் அறை முழுக்க மணம் பரவுகிறது, மிச்சப் புகையை அது வெளியே கொண்டுபோய்விடுகிறது என்று வீட்டுக்கார அம்மா எனக்கே விளக்கினார். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடுவாராம்.

ஏசி குளிரவில்லை, ஏதோ வாடை வருகிறது என்பது முறைப்பாடு. பேப்பர் மேல் ஏணியை வைத்து ஏறி, முன்மூடியைக் கொஞ்சம் தூக்கினேன். தூசு பிடிக்கிற வலை தெரியவில்லை. வலை இருக்க வேண்டிய இடத்தில் கீழே கடையிலிருந்து வந்த பஞ்சு, கம்பளிப் பூச்சியின் மயிர் மாதிரி அடர்ந்திருந்தது. அதன் மேல் பழுப்பாக ஒரு பிசின். இனிப்பும் புளிப்புமாக ஒரு நாற்றம். எனக்குக் குமட்டியது. சட்டென்று மூடிவிட்டேன்.

ஏணியில் நின்றபடி கீழே பார்த்தேன். கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சில் ஒரு சின்ன விசில் சத்தம் இருந்தது. இழுக்கும்போது இல்லை, விடும்போது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். லயத்தில் விறகுப் புகைக்குள் வளர்கிற பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். தெரிந்தும் நான் இறங்கிப் போய்ச் சிலிண்டரை எடுத்தேன்.

மகள் அறை வாசலில் நின்று கேட்டாள். "அண்ணே, இந்த வாடையால புள்ளைக்கு ஒண்ணும் வராதே?"

அந்த வீட்டில் என்னை யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லை. இந்தாப்பா என்பதோடு சரி. அவள் அண்ணே என்றாள். அதைக் கேட்ட பிறகும் சொன்னேன்: "ஒண்ணும் வராதுங்க. காஸ் போட்டா சரியாகிரும்."

அவள் நம்பினாள். புஸ்ஸென்று சத்தம் வந்ததும் குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கார அம்மா பாஸுக்குப் போன் எடுத்துக் கத்தியிருக்கிறார். குழந்தைக்கு மூச்சு முட்டி, நெஞ்சு குழி விழுந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். நீங்கள் போட்ட காஸ் கசிந்து பிள்ளைக்கு ஆகவில்லை, வந்து பழைய காஸை எடுத்துவிட்டு நல்ல காஸ் போடுங்கள் என்று சத்தம். பாஸ் எனக்குச் சொன்னது சுருக்கமாக இருந்தது. போய் மானியை மாட்டு, கொஞ்சம் வெளியே விடு, கொஞ்சம் உள்ளே போடு, கசிவை அடைத்துவிட்டேன் என்று சொல்லு. சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். அந்த நிமிடம் அந்த மனிதரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் சொன்னது புதிது ஒன்றும் இல்லை, நான் இரண்டு வருடமாகச் செய்ததுதான்.

குழந்தை தேறிவிட்டது. படிக்கிறவர்கள் அதை நினைத்துப் பதற வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்குப் பின்படிக்கட்டில் ஏறும்போது அது தேறும் என்று எனக்குத் தெரியாது. என் காதில் அந்த விசில் சத்தம்தான் இருந்தது. பாதிப் படியில், வெளிப்பெட்டியின் அனலில் நின்று, தோளில் இருந்த காஸ் சிலிண்டரை இறக்கி வைத்தேன். திரும்பிப் போய் முச்சக்கரவண்டியிலிருந்து கழுவுகிற பையையும் தண்ணீர் அடிக்கிற பம்பையும் இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அறையில் சாம்பிராணி வாடை புதிதாக இருந்தது. வீட்டில் புகை, தூசு ஏதும் உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்கவில்லையா என்று மகளிடம் விசாரித்தேன். கேட்டார்களாம். அதற்கு வீட்டுக்கார அம்மாதான் பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் குடிப்பதில்லை, விறகடுப்பு இல்லை, கொசுவர்த்திகூடக் கொளுத்துவதில்லை, புகை என்கிற பேச்சுக்கே இடமில்லை. பொய் சொல்லவில்லை அவர். அந்த வீட்டில் புகை வேறு, சாம்பிராணி வேறு. தண்ணீரும் தீர்த்தமும் வேறு வேறாக இருப்பதைப் போல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாடை போகட்டும் என்று இரண்டு மடங்காகப் போட்டிருக்கிறார்கள்.

முன்மூடியை முழுவதுமாகக் கழற்றினேன். வலையை இழுத்ததும் அது ஒரு போர்வைத் துண்டு மாதிரி மடங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகடுகளுக்கு இடையில் ஊசி முனைக்கும் இடமில்லை. சாம்பிராணிப் பிசின் உருகிப் படிந்து, அதில் பஞ்சு ஒட்டி, பஞ்சின் மேல் ஈரம் ஏறி, அதன் மேல் பூஞ்சை. காற்றைத் தள்ளுகிற உருளையைக் கையால் சுற்றினேன். ஒவ்வோர் இதழிலும் கரும்பச்சையாக ஏதோ வளர்ந்திருந்தது, அந்த அசைவுக்கே கட்டிலில் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. இரவு பகலாக ஓடிய உருளை அது. குழந்தை படுத்திருந்த இடம் அந்தக் கட்டில். தண்ணீர் வழிகிற தட்டில் கை விட்டபோது மூக்குச்சளி மாதிரி ஒன்று விரலோடு நீண்டு வந்தது. வாந்தி வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அப்போது அம்மாவின் நினைப்பு வந்தது. அன்றைக்குத்தான் நான் உண்மையிலேயே ஏசியில் வேலை பார்த்தேன்.

பை கட்டித் தண்ணீர் அடித்தேன். வெறும் தண்ணீருக்குப் பிசின் அசையவில்லை. மருந்து அடித்து, ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, மறுபடி அடித்தேன். தேயிலைச் சாயம் மாதிரி முதலில் வந்தது, பிறகு மை மாதிரி. ஒரு வாளி நிரம்பி இரண்டாவதும் பாதிக்கு வந்தது. கையெல்லாம் முழங்கை வரைக்கும் கறுப்பு. விரித்திருந்த பேப்பர் நனைந்து கிழிந்துபோனது.

வீட்டுக்கார அம்மா வாசல் வரைக்கும் வந்தார், வாளியைப் பார்த்தார், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இதெல்லாம் எங்கள் வீட்டு அழுக்கா, நீ கொண்டுவந்த வாளியில் இருந்த அழுக்கா என்று கேட்டார். நான் பிரஷை நீட்டினேன், அதன் நுனியில் பழுப்புப் பிசின் ஒட்டியிருந்தது. "நீங்க போடுற சாம்பிராணிதாங்க. புகை வெளிய போறதில்ல. இதுக்குள்ள வந்து படிஞ்சு, அழுகி, திரும்பப் புள்ளை மேலயே வந்திருக்கு."

"சாமிக்குப் போடுறது, அது எப்படிப்பா அழுக்காகும்" என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்கு அந்த அம்மாவின் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று தடவை விரித்த பேப்பர்தான் நினைவுக்கு வந்தது. உள்ளுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம். பார்த்தாயா, யார் வீட்டில் அழுக்கு என்று. வாளியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன், நன்றாகத் தெரியட்டும் என்று.

அப்போதுதான் மகள் தாயைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பேப்பர் இல்லாத இடத்தில் வழிந்திருந்த கறுப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றாள். பிரஷிலிருந்த பிசினை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். நேராக ஜன்னலுக்குப் போய், இடுக்குகளில் செருகியிருந்த துணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாள். வெளியே பசார்ச் சத்தமும் வெயிலும் உள்ளே வந்தன. பக்கத்து அறையில் குழந்தை சிணுங்கியது. மூவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "போன தடவ வந்தப்பவும் இது இப்படித்தான் இருந்துச்சா?"

அண்ணே என்கிற சொல் அதில் இல்லை. இல்லாததை உடனே கவனித்தேன்.

"இருந்துச்சுங்க."

"மூடியத் தூக்கிப் பாத்தீங்க. நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன்."

"பாத்தேங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

பாஸ் சொன்னபடி செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். நேரம் இல்லை, சாமான் இல்லை, ஏதாவது ஒன்று. வாய் வரைக்கும் வந்தது. கறுப்புத் தண்ணீரில் நின்ற அவள் காலைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"கை வைக்க அருவருப்பா இருந்துச்சுங்க" என்றேன்.

அவள் திட்டவில்லை. தாயைக் கூப்பிடவில்லை, காசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். உதட்டின் ஓரம் கொஞ்சம் மடங்கியது. அந்த முகச்சுளிப்பு எனக்குப் பழக்கமானது, அதே வீட்டில் அவளுடைய தாயின் முகத்தில் மூன்று தடவை பார்த்தது. அதைப் பார்த்த ஒவ்வொரு தடவையும், லயத்தில் பிறந்ததைத் தவிர நான் என்ன தப்புச் செய்தேன் என்று குமுறியிருக்கிறேன். மகளுக்கு நான் எங்கே பிறந்தேன் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் நான் செய்ததைப் பார்த்துத்தான் சுளித்தாள். குமுறுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மெஷினைப் பூட்டி ஓடவிட்டேன். காஸ் போடாமலே நன்றாகக் குளிர்ந்தது. மூன்று தடவை போட்டு அளவுக்கு மேல் ஏறியிருந்ததைக் கொஞ்சம் வெளியேகூட விட வேண்டியிருந்தது. பிறகு தரையைத் துடைத்தேன். வீட்டுக்கார அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவதற்குள், கிழிந்து ஊறிப்போன பேப்பரை நானே இரண்டு கையாலும் சுருட்டி வாளிக்குள் போட்டேன். வாளிகளைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டில் இறங்கினேன், வெளிப்பெட்டியின் அனல் முன்னைவிட உக்கிரமாக முகத்தில் அடித்தது.